நாற்பதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் வேலை நிலைக்குமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார் அந்தப் பெரியவர். வயது 71. நெல், மஞ்சள், கொஞ்சம் வாழை. 2000-ம் ஆண்டில் ஒன்றேகால் ஏக்கரை விற்றுத்தான் மகனை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். மகன் 2004-ல் படிப்பு முடித்தார். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, சென்னையில் பிளாட் வாங்கினார். ஊரில் நாலு பேர் அதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளையும் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தார்கள்.

போன ஆடியில் இன்னொரு ஏக்கரையும் விற்கப் பெரியவர் விலை பேசி முடித்துவிட்டார். வாங்குபவர் திருப்பூர்க்காரர். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு. 43 வயதான மகனை நிறுவனம் ‘பெஞ்ச்’சில் உட்கார வைத்துவிட்டது என்பதுதான் காரணம். கையில் புராஜெக்ட் இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்கு அங்கே அப்படிப் பெயர். இரண்டு மாதத்துக்குள் வேறு புராஜெக்ட் கிடைக்காவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். வீட்டுக் கடனோ 15 வருடம் பாக்கி. மகன் மூன்று வாரம் விஷயத்தை மறைத்து, கடைசியில் மருமகள்தான் சொல்லியிருக்கிறார்.

“படிச்சு முடிச்சா அறுவது வயசு வரைக்கும் கவலையில்லைன்னு நெனச்சனுங்க. நாப்பத்தி மூணுலயே வயசாயிருச்சுங்கறாங்க. எழுவத்தொண்ணுல நான் இன்னும் மடை திருப்பீட்டு இருக்கறனுங்களே!” என்கிறார் பெரியவர்.

இவர் வீட்டுக் கதை மட்டுமல்ல இது. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம், அதாவது 12,000 பேர் வரை குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள்தான் என்றும் சொன்னது. நிலத்தை விற்றும் நகையை வைத்தும் படிக்க வைத்த பல விவசாயக் குடும்பங்களில் அன்று முதல் தொலைபேசிப் பேச்சே மாறிவிட்டது.

சிக்கல் வயதிலா, வேலையிலா?

வயதானால் புரோகிராம் எழுத மூளை ஓடாது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. அமெரிக்கக் கடற்படையில் கம்ப்யூட்டர் மொழிகளுக்கு வழிவகுத்த கிரேஸ் ஹாப்பர் 1986-ல் ஓய்வுபெற்றபோது அவருக்கு 79 வயது. அதன் பிறகும் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஆலோசகராக வேலை பார்த்தார். இன்று பல நிறுவனங்களில் ஓடும் ‘கோ’ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவர் கென் தாம்சன். அது 2009-ல் வெளிவந்தபோது அவருக்கு 66.

ஆனால், நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பார்ப்பது அந்த மாதிரி வேலை இல்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் பில் போடும் வேலை. அதில் ஒரு கணக்கு உண்டு. ஐந்து வருட அனுபவக்காரர் செய்யும் வேலையையே 20 வருட அனுபவக்காரரும் செய்தால், மூன்று மடங்கு சம்பளம் கொடுக்க யாரும் தயாரில்லை. அதனால் 35 வயதை ஒட்டி எல்லோரையும் மேலாளர் பதவிக்குத் தள்ளுகிறார்கள். நூறு பேருக்குப் பத்து மேலாளர் போதும் என்கிறபோது மீதிப் பேர் எங்கே போவார்கள்?

பெரியவரின் மகனுக்கு நடந்ததும் இதுதான். முதல் 11 வருடம் புரோகிராம் எழுதினார். பிறகு மேலாளர் ஆனார். கூட்டம் நடத்துவதும், அறிக்கை அனுப்புவதும், ஆட்களுக்கு லீவு கொடுப்பதுமாகப் பத்து வருடம் போனது. பெஞ்சுக்கு வந்தபோது எழுதும் கை பழகாமல் போயிருந்தது. இந்த இடைவெளியில் புரோகிராமைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன.

அவருடன் படித்த இன்னொருவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய ‘கோபால்’ புரோகிராம்களைப் பராமரிக்கும் வேலையிலேயே இருந்துவிட்டார். 1960-ஐ ஒட்டி வந்த மொழி அது. அந்தக் காலத்தில் நண்பர்கள் கேலி செய்ததுண்டு. அவருக்கு இன்றும் வேலை இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணத்தில் வேலையிழப்பு உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்து பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவ வாருங்கள் என்று ஆளுநரே பகிரங்கமாகக் கேட்டார்.

விவசாயிக்கு இது புரியாத விஷயமல்ல. ஐ.ஆர்.8 போட்டவர், பிறகு ஆடுதுறை ரகங்களுக்கு மாறினார், சி.ஆர்.1009-க்கு மாறினார். ரகம் மாறும்போதெல்லாம் அவர் புதிதாக விவசாயம் கற்கவில்லை. மண்ணும் தண்ணீரும் அவருக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் வேலையிலும் மொழி என்பது ரகம் மாதிரிதான். வங்கிக் கணக்கு எப்படி ஓடுகிறது, மில்லில் சரக்கு இருப்பு எப்படிப் பதிவாகிறது, ஆஸ்பத்திரியில் பில் எங்கே தப்பாகிறது என்பதெல்லாம் மண் மாதிரி. அதைத் தெரிந்து வைத்திருப்பவரை நிறுவனம் சீக்கிரம் விடாது. இருபது வருடத்தில் இருபது புராஜெக்ட் மாறி எதையும் ஆழமாகக் கற்காதவர்தான் முதலில் வெளியே வருகிறார்.

‘ஊருக்கு வந்துவிடு’ என்பது பதிலா?

பெரியவருக்கு முதலில் தோன்றியது, மகனை ஊருக்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான். ஐ.டி. வேலையை விட்டு விவசாயத்துக்கு வந்து ஜெயித்தவர்களின் பேட்டிகள் நிறைய வருகின்றன. தோற்றுத் திரும்பிப் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. இருபது வருடம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்த உடம்பு, கழுத்து வலி, இரவு ஷிப்டில் வந்த சர்க்கரை, இவற்றோடு 43 வயதில் நாலு ஏக்கரை நம்பி வந்தால், முதல் மூன்று வருடத்திலேயே சேமிப்பு கரைந்துவிடும். மஞ்சள் விலை ஒரு வருடம் ஏறும், அடுத்த வருடம் இறங்கும். கடன் தவணை மாதாமாதம் ஒரே தொகைதான்.

வர நினைப்பவர், வேலையில் இருக்கும்போதே நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருடம் ஆகும். குட்டை ரகம் என்றால் மூன்று, நாலு வருடம். 45 வயதில் வரப்போகிறவர் 38-ல் கன்று நட்டிருக்க வேண்டும். வேலை போன பிறகு நடுவது தாமதம். தென்னையும் பயமில்லாத பயிர் அல்ல. வெள்ளை ஈயும் வாடல் நோயும் பொள்ளாச்சிப் பக்கம் என்ன செய்தன என்று எல்லோருக்கும் தெரியும்.

ஓய்வூதியத்தையும் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். தனியார் வேலையில் வருங்கால வைப்பு நிதியோடு வரும் ஓய்வூதியம் பெற குறைந்தது 10 வருடப் பணி வேண்டும். முழுமையாக 58 வயதில்தான் கிடைக்கும். 50 வயதுக்கு மேல் முன்கூட்டி வாங்கினால், குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவிகிதம் பிடித்துவிடுவார்கள். பெரும்பாலோருக்கு மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாயைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதைப் பணி வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருடம் உழைத்தவருக்கே மாதம் 7,500 ரூபாய்தான். லட்சத்தில் சம்பளம் வாங்கியவருக்கு இது எந்த மூலைக்கு? நிறுவனம் போட்டுத் தரும் மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். அப்பா, அம்மா உட்பட குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி, உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைப்பது நல்லது.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் மகன் ஊருக்கு வந்தார். “நிலத்தை விக்க வேண்டாங்ப்பா. வித்துக் கடனைக் கட்டீட்டாலும் சாப்பாட்டுக்கு நான் ஒரு வேலைக்குப் போய்த்தானே ஆகோணும்?” என்றார். “அப்ப என்ன கண்ணு பண்ணலாங்கறே?” என்று அப்பா கேட்க, இரவு வெகுநேரம் கணக்குப் போட்டிருக்கிறார்கள். திருப்பூர்க்காரருக்கு மறுநாள் காலை போன் செய்து மன்னிப்புக் கேட்டார் பெரியவர்.

முதல் 11 வருடத்தில் மகன் அதிகம் பார்த்தது ஜவுளி சரக்கு இருப்புக் கணக்கு சம்பந்தமான புரோகிராம்கள். அந்த அனுபவத்தைச் சொல்லி, நூற்பாலைகளுக்கு மென்பொருள் செய்யும் கோவை நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேலே இருப்பவருக்கு 31 வயது. முதல் மாதம் அது உறுத்தியதாகவும், மில்லில் பஞ்சு கழிவு எப்படிக் கணக்கில் வருகிறது என்று அவரே தன்னிடம் கேட்க ஆரம்பித்த பிறகு பழகிவிட்டதாகவும் சொல்கிறார். சென்னை பிளாட்டை வாடகைக்கு விட்டதில் தவணையில் பாதி வந்துவிடுகிறது. மாதம் இரண்டு முறை ஊருக்கு வருகிறார்.

விற்கவிருந்த அந்த ஒரு ஏக்கரில் ஐப்பசியில் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 70 நெட்டைக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். ஒட்டுக் கன்று வேண்டும் என்றார் மகன். அதற்குத் தண்ணீரும் உரமும் சரியாகக் கொடுத்தாக வேண்டும், கோடையில் வாய்க்காலில் தண்ணீர் நின்றால் தாங்காது என்று மறுத்துவிட்டார் பெரியவர். இடையில் மஞ்சளும் வாழையும். காய் வரும்போது மகனுக்கு 50 ஆகியிருக்கும்.

கோடையைச் சமாளிக்க கிணற்றிலிருந்து சொட்டுநீர் போட வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு அதற்கு 100 சதவிகித மானியம் உண்டு. ஆனால் பட்டா இன்னும் பெரியவரின் அப்பா பெயரில், பங்காளிகளோடு கூட்டாக இருக்கிறது. மாற்றக் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். சர்வேயர் வந்து அளக்க வேண்டியது பாக்கி.