செவுள் சொன்ன சேதி

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து மீன் சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் லட்சியம். பெசன்ட் நகரில் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறேன். ஒரு கையில் வறுத்த மீன், ஒரு கையில் செருப்பு, வாயில் பாதி மசாலா, பாதி மணல். அதுவல்ல நான் சொல்வது. நாற்காலி, மேஜை, மேஜைக்கு விரிப்பு, எதிரே தண்ணீர், பக்கத்தில் பவ்யமாக ஒரு சர்வர்... இது தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் கடல் அல்ல, பர்ஸ்.

போன ஜனவரியில் கொச்சிக் கிளையில் ஒரு வாரம் டிரெயினிங் என்று ஆர்டர் வந்தது. மூன்று பேர். நான், கேஷியர் சார் (சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்), அப்புறம் எங்கள் 'சுறா'.

சுறா என்பது ஆபீஸில் வைத்த பட்டப் பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்துப் பையன். அந்த வட்டாரத்து ஆட்களுக்கு ஆழ்கடலில் நீளத் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதுதான் பரம்பரைத் தொழில். காலையில் போய் மாலையில் திரும்புகிற ரகமில்லை. போனால் இருபது நாள், முப்பது நாள். பலர் பிடித்ததைக் கொண்டுவந்து இறக்குவது கொச்சியில், தோப்பும்படி துறைமுகத்தில். எங்கள் சுறாவின் அப்பா இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் கரையேறுகிறார்.

"சனிக்கிழமை அப்பா கரையில இருக்காரு. ஃபோர்ட் கொச்சியில தண்ணிப் பக்கமா நல்ல ஓட்டலாப் பார்த்துக் கூட்டிட்டுப் போகணும். வேலை கன்ஃபர்ம் ஆன ட்ரீட். நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றான்.

"எனக்கு அங்கே என்னப்பா கிடைக்கும்?" என்றார் கேஷியர் சார் கவலையோடு.

"காத்து கிடைக்கும் சார்."

எர்ணாகுளம் படகுத்துறையில் ஏறினோம். 2023-ல் வாட்டர் மெட்ரோ வந்து, 2024-ல் ஃபோர்ட் கொச்சிக்கும் ஓடத் தொடங்கிவிட்டது. ஏ.ஸி., தானியங்கிக் கதவு எல்லாம் உண்டு. நாங்கள் ஏறியது பழைய சர்க்கார் படகு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். அந்த சுகம் ஏ.ஸி.யில் வராது. வழியில் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கிய தீவு. (எங்கள் ஆபீஸில் பழைய ஃபைல்களைக் கொட்டினால் இதைவிடப் பெரிய தீவு கிடைக்கும்.)

இறங்கி நடந்தால் சீன வலைகள். போட்டோவில் பார்ப்பதைவிட நேரில் பூதாகாரம். மரமும் மூங்கிலுமாக ஒரு ராட்சசக் கை, அதன் நுனியில் தொட்டில் மாதிரி வலை. மறுமுனையில் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள். வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, சில நிமிஷம் விட்டு, நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள். கல்லின் கனம் ஒத்தாசை செய்ய, வலை ஆடி அசைந்து எழுந்து வருகிறது. சீனர்கள் நேராகவே கொண்டுவந்தார்கள் என்று ஒரு கட்சி. மக்காவ் வழியாகப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் நாங்கள் பார்த்தபோது வலையில் வந்தது ஒரு கை ஆகாயத்தாமரை, ஏழெட்டுப் பொடி மீன், ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

"அப்போ இந்தக் கடையில இருக்கறதெல்லாம்?" என்றேன், வலையோரம் அடுக்கியிருந்த மீன் தட்டுகளைக் காட்டி.

"தொறைமொகத்துலேருந்து வருது தம்பி. இங்க வலை, அங்க மீனு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சுறாவின் அப்பா. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சிலுவைச் செயின். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை அல்ல, தேங்காய் மட்டை.

அடுத்த அரை மணி நேரம் அவர் நடத்தியதுதான் எனக்கு அந்த வாரத்தின் உருப்படியான டிரெயினிங். ஒவ்வொரு தட்டாக நின்றார்.

"கண்ணைப் பாருங்க. முழிச்சுக்கிட்டு, கண்ணாடி கணக்கா இருக்கணும். குழி விழுந்து பால் படிஞ்சிருந்தா விட்டிருங்க." விரலால் ஒரு மீனை அழுத்தினார். குழி விழுந்து உடனே நிமிர்ந்தது. "இது சரி. அமுக்கின குழி அப்படியே நிண்ணா, பழசு." பிறகு செவுளைத் தூக்கினார். உள்ளே செக்கச் செவேல். "எல்லாத்துக்கும் மேல இதான். கண்ணை ஏமாத்தலாம், ஐஸைக் கொட்டி ஒடம்பை வெறைப்பா வைக்கலாம். செவுளு மட்டும் பொய் சொல்லாது." நண்டைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டுமாம், அளவுக்கு மிஞ்சின கனம் இருந்தால் சதை உண்டு. இறாலுக்குத் தலை தளர்ந்து தொங்கக் கூடாது.

பெயர்க் குழப்பம் வேறு. நெய்மீன் என்று ஒருவர் கூவ, கேஷியர் சார் நெய்யில் பொரித்ததோ என்று ஆவலாக எட்டிப் பார்த்தார். நம் வஞ்சிரம்தான். கூந்தல் என்றால் கணவாய். அயல என்றால் மெட்ராஸில் கானாங்கெளுத்தி. காளாஞ்சி என்று ஒன்று கம்பீரமாகப் படுத்திருந்தது. விசாரித்தால், நம்ம கொடுவா!

"சமையல்ல ஏதாவது ரகசியம் உண்டா ஐயா?"

"பச்சை மீனுக்கு உப்பு போதும் தம்பி. வெள்ளத்துல நாங்க கறி வச்சா உப்பு, கொஞ்சம் மொளகு, புளி, அவ்வளவுதான். மசாலா எல்லாம் பழைய மீனுக்கு வந்த வைத்தியம்."

இந்தத் தட்டுக் கடைகளில் மீனை வாங்கி, பக்கத்துச் சின்ன ஓட்டலில் கொடுத்துக் கூலிக்குச் சமைத்துச் சாப்பிடுவது ஃபோர்ட் கொச்சியில் வெகு காலமாகப் பிரசித்தம். எனக்கு அதிலேயே உட்கார்ந்துவிட ஆசை. எடை போடுவது சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் என்பதையும், தலை, குடல், செதில் போனால் ஒரு கிலோ மீன் ஒரு கிலோவாக வராது என்பதையும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

சுறா தலையை ஆட்டிவிட்டான். "பெஞ்சுல உக்காந்து சாப்பிடறதுக்கா அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்? டேபிள் சொல்லியாச்சு."

பெயர் வேண்டாம். தண்ணீரை ஒட்டி மரத் தளம், மேஜைக்கு மேஜை விளக்கு, உடுப்பு போட்ட சர்வர்கள். வாசலில் ஐஸ் மலை மேல் மீன்களை ஊர்வலத்துக்கு ஜோடித்த மாதிரி எலுமிச்சைத் துண்டோடு கிடத்தியிருந்தார்கள். சுறா ஒரு பெரிய கொடுவாவைத் தொட்டுக் காட்டி, "அப்பா, இது எப்படி?" என்றான். முகமெல்லாம் பல்.

அப்பா குனிந்தார். செவுளை லேசாகத் தூக்கிப் பார்த்தார். மூடினார்.

"நல்ல மீனு மக்களே. இதையே எடு" என்றவர், ஆர்டர் எடுத்த பையனிடம், "மசாலை நல்லாக் கனமாப் போட்டுப் பொரிச்சுக் கொண்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

மெனு கார்டில் கொடுவாவுக்கு நேரே 140 என்று போட்டிருந்தது. "அட, சீப்பாயிருக்கே!" என்று நான் பெருமூச்சு விடுவதற்குள், கேஷியர் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கி, கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைப் படித்தார்: நூறு கிராமுக்கு! நாங்கள் எடுத்த மீன் ஒரு கிலோ நானூறு கிராம். இருபத்தைந்து வருஷம் நோட்டு எண்ணிய மனிதர், கண்ணை மூடித் திறப்பதற்குள் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது" என்றார். அப்பாவுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று சுறா மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தான். மிதிபட்டது என் கால்.

அப்பா விலையைக் கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கடல்வாய் குறுகல். இந்தப் பக்கம் ஃபோர்ட் கொச்சி, அந்தப் பக்கம் வைப்பின். துறைமுகத்திலிருந்து புறப்படுகிற கப்பலானாலும் சரி, மீன்பிடிப் படகானாலும் சரி, நம் மேஜைக்கு முன்னால்தான் போயாக வேண்டும். இருட்டுகிற நேரத்தில் இரண்டு படகுகள் விளக்கோடு வெளியே போயின.

"இந்த வாய் வழியாத்தான் நாங்களும் போவோம்" என்றார். "போறப்ப இந்த லைட்டெல்லாம் தெரியும். ஆளுங்க உக்காந்து சாப்பிடறதும் தெரியும். எங்க படகுல பயலுவ கை ஆட்டுவானுவ. இங்கேருந்தும் சில பேரு ஆட்டுவாங்க. இருவத்திரெண்டு வருசமா அங்கேருந்து பாத்திருக்கேன். இங்கேருந்து பாக்கறது இன்னைக்குத்தான்."

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவர் கடலில் இல்லை. மகளுக்குப் பெண் பார்க்க வந்ததால் ஊரில் தங்கிவிட்டார். பக்கத்துப் படகில் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. இதை அவர் சொல்லவில்லை. சுறா முன்பே சொல்லியிருக்கிறான். வெளியே போன படகுகளின் விளக்கு மறைகிற வரை அப்பா பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. கேஷியர் சார்கூட.

பிறகு பதார்த்தங்கள் வந்தன. இறால் வறுவல், தேங்காய்ப் பல்லோடு புரட்டிய கணவாய், கொடம்புளி போட்ட மீன் கறி, அதற்கு மரச்சீனிக் கிழங்கு மசியல். கொடம்புளி நம் புளி மாதிரி பல்லைக் கூச வைப்பதில்லை. கறுப்பாக, புகை வாசனையோடு, நாக்கின் ஓரத்தில் நின்று பேசுகிற புளி. அந்தக் கறிக்காகவே இன்னொரு தடவை கொச்சிக்கு டிரெயினிங் போகத் தயார். கேஷியர் சாருக்கு ஆப்பமும் காய்கறி ஸ்டூவும். முதலில் ஸ்டூவைக் கரண்டியால் துழாவி சோதனை போட்டார். அப்புறம் ஒன்பது ஆப்பம் சாப்பிட்டார்.

கடைசியில் கொடுவா. வாழையிலை மேல், மசாலாக் கவசம் போட்டுக்கொண்டு. அப்பா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு துண்டு எடுத்தார். நானும் எடுத்தேன். காரமும் எண்ணெயும் தூக்கலாக இருந்தன. மீன்? ஏதோ பஞ்சு மாதிரி.

"எப்படிப்பா?"

"ஒண்ணாந்தரம்" என்றார் அப்பா. மிச்சம் வைக்கவில்லை. தலையைக்கூட விடாமல், முள்ளை வரிசையாக இலை ஓரத்தில் அடுக்கிவைத்து எழுந்தார்.

கை கழுவுகிற இடத்தில் நானும் அவரும் மட்டும்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்த மீன்..."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐஸுல அஞ்சாறு நாளு கெடந்த மீனு தம்பி. செவுளு வெளுத்துப் போச்சு. கெட்டது இல்ல, பயப்படாதீங்க. நாங்க கொண்டாற மீனே இருவது நாளு ஐஸுல கெடக்கத்தான் செய்யும். ருசி போச்சு, அவ்வளவுதான்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"பய எம்புட்டு ஆசையாத் தொட்டுக் காட்டுனான்..." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லிராதீங்க."

மேஜைக்குத் திரும்பினால் அங்கே வேறு பிரச்னை. பில் 4,316 ரூபாய், ஜி.எஸ்.டி. உள்பட. சுறாவிடம் ரொக்கம் மூவாயிரத்து ஐந்நூறு. மீதியைப் போனில் அனுப்பலாம் என்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாங்கிக்காரன் சர்வர் வரவில்லை. ஓட்டல்காரன் சர்வர் வந்து தலைமாட்டில் நிற்கிறான்! என் போனில் டவரே இல்லை. கேஷியர் சார் போனில் பணம் அனுப்புவதில்லை என்று சபதம் எடுத்தவர்.

ஆபத்துக்கு இருக்கட்டும் என்று அம்மா சொல்லி, ஆபீஸ் அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து, அப்பா வருவதற்குள் நோட்டுக் கட்டில் சொருகினேன். மீதி வந்த 184 ரூபாயில் எண்பத்து நாலைக் கேஷியர் சார் கறாராகத் திரும்ப எடுத்துக்கொண்டு நூறை டிப்ஸாக விட்டார்.

தோப்பும்படிக்கு ஆட்டோவில் அப்பாவை ஏற்றிவிட்டோம். செவ்வாய்க்கிழமை மறுபடி கடலுக்குப் போகிறாராம். "வாயில வரும்போது கை ஆட்டுறேன்" என்றார். நாங்கள் அன்றைக்கு மெட்ராஸில் இருப்போம் என்பது அவருக்கும் தெரியும்.

எர்ணாகுளம் படகில் கேஷியர் சார் ஆப்ப மயக்கத்தில் தூங்கிவிட்டார். சுறா ஜன்னலோரம். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்:

"கை கழுவற இடத்துல அப்பா உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"மீன் நல்லா இருந்துச்சாம்."

"சும்மா விடாதடா." சிரித்தான். "செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு உடனே மூடினாருல்ல, அப்பவே தெரியும். அதுக்கு மேல, மசாலாவைக் கனமாப் போடுன்னாரு. இருவத்தாறு வருசம் அவரு புள்ளையா இருக்கேன், இதுகூடத் தெரியாதா?"

"பின்னே ஏண்டா வேற மீனை மாத்தலை?"

"அவரு நல்ல மீனுன்னு சொல்லிட்டாரே. எப்படிடா மாத்தறது?"

தண்ணீரில் வெளிச்சங்கள் நீளநீளமாக ஆடிக்கொண்டிருந்தன. படகு துறையை நெருங்கியது. தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்திருந்த கேஷியர் சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"தம்பிக்கு நீ 916 ரூபாய் தரணும். ஒண்ணாம் தேதி மறந்துடாதே."