மலைப்பாதையில் எரியும் சிவப்பு லைட்: கோளாறு பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் வார இறுதி சுற்றுலா கார்களும் ஓடுகின்றன, மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டிகளும் ஓடுகின்றன. பாதி மலையில் டேஷ்போர்டில் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தால், நம்மில் பலர் சொல்வது இதுதான்: "பேட்டரி வீக் போல, ஊருக்குப் போய் மாத்திக்கலாம்."

ஆனால், வண்டி ஓடும்போது எரியும் அந்த லைட், பேட்டரி பழசாகிவிட்டது என்று சொல்வதில்லை. பேட்டரிக்கு சார்ஜ் போகவில்லை என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு.

ஆல்டர்னேட்டரின் வேலை என்ன?

நம்மூர் மெக்கானிக்குகள் இன்னமும் 'டைனமோ' என்று சொல்வது இதைத்தான். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் மூலம் இதுவும் சுற்றி மின்சாரம் தயாரிக்கிறது. உள்ளே இருக்கும் டயோடுகள் அதை பேட்டரிக்கு ஏற்ற டிசி மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் அதைச் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. பேட்டரியின் முக்கிய வேலை ஸ்டார்ட் செய்வதுதான். அதன்பிறகு ஹெட்லைட், வைப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாமே ஆல்டர்னேட்டர் தயவில்தான் ஓடுகின்றன.

சார்ஜ் நின்றால் எவ்வளவு நேரம் ஓடும்?

சிறிய கார்களில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சாதாரணம். இரவில் ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். ஆனால் வோல்டேஜ் இறங்க இறங்க இன்ஜின் திணறும் என்பதால், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

வளைவில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனமாகிவிடும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பூஸ்டரின் உதவியும் போய்விடும். உண்மையான ஆபத்து இதுதான்.

லைட் எரிந்தவுடன் என்ன செய்வது?

முதலில் டெம்பரேச்சர் மீட்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

சூடு சரியாக இருந்தால், ஏசி, ஆடியோ, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இருட்டில் ஹெட்லைட்டை அணைக்க வேண்டாம். இன்ஜினையும் வழியில் அணைக்காதீர்கள், மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். பக்கத்தில் ஆள் நடமாட்டம் உள்ள ஊரில் நிறுத்துங்கள். 'இறக்கம்தானே' என்று இன்ஜினை ஆஃப் செய்து உருட்டிக்கொண்டு வரவே கூடாது.

கோளாறு எங்கே? மல்டிமீட்டர் சொல்லும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

• இன்ஜின் ஆஃப், சில மணி நேர ஓய்வுக்குப் பிறகு: 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி.

• இன்ஜின் ஓடும்போது: 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. 12.5-லேயே நின்றுகொண்டு இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரியே கெட்டுப்போகும். சில புதிய மாடல்கள் எரிபொருளைச் சேமிக்க வோல்டேஜைத் தாங்களே குறைக்கும். அவற்றில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

• ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.4 என்று வித்தியாசம் வந்தால், குற்றவாளி ஆல்டர்னேட்டர் இல்லை. வழியில் உள்ள வயரோ, பூத்துப்போன டெர்மினலோ, லூசான எர்த்தோதான்.

• ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'கீச்' சத்தம் வந்தால் பெல்ட் லூசு. இரவு நிறுத்திய வண்டி காலையில் டவுன் ஆனால், டயோடையும் சந்தேகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ டெஸ்ட்' செய்யும் பழைய வழக்கம் இன்றைய கார்களுக்கு ஆகாது. வோல்டேஜ் திடீரென எகிறி இசியூ போய்விடலாம்.

கடலிலும் இதே கதை

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். இத்தகைய படகுகளைக் காற்று தள்ளினாலும், ரேடியோவுக்கும் வழிகாட்டும் கருவிகளுக்கும் பேட்டரி வேண்டும். அதை சார்ஜ் செய்ய சோலார் இருந்தாலும், படகின் டீசல் இன்ஜினில் இருப்பது நம் காரில் இருப்பது போன்ற ஆல்டர்னேட்டர்தான். நடுக்கடலில் மெக்கானிக் கிடையாது. அதனால் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் வோல்ட்மீட்டரை அடிக்கடி பார்ப்பதும், மாற்று பெல்ட் வைத்திருப்பதும் வழக்கம்.

செலவைக் குறைக்க

ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றதும் புதுசு வாங்கிவிட வேண்டாம். கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங், டயோடு ஆகியவற்றைப் பெரும்பாலும் தனித்தனியாக மாற்றலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் "எது போயிருக்கு?" என்று கேளுங்கள். அதேபோல, பேட்டரியை மாற்றும் முன் சார்ஜிங் வோல்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறாத வண்டியில் புது பேட்டரி போட்டாலும், அடுத்த மலைப் பயணத்தில் அதே லைட்தான் எரியும்.