சிறு காமிராவுக்கு எந்த உறை?

துறைமுகத்திலிருந்து வந்த சரக்கு நனைந்திருந்தாலோ மூட்டை கிழிந்திருந்தாலோ, கிட்டங்கியில் இறக்கும்போதே படம் எடுத்து வைத்தால்தான் இன்ஷூரன்ஸ் கேட்க வசதி. கைபேசி இருந்தாலும் இதற்கென ஒரு சிறு காமிரா வைத்திருப்போர் நம்மில் உண்டு. அந்நேரம் அது மக்கர் செய்தால் நஷ்டம் நமக்கே.

நம் தூத்துக்குடியில் காமிராவுக்கு எதிரி உப்புக்காற்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியும். மழைக்காலத்தில் உப்பு மூட்டையில் நாம் காண்பதுதான். காமிராவில் படிந்த உப்பும் அவ்வாறே கசிந்து உலோகத்தை அரிக்கும்.

தோல் உறை பார்வைக்கு அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்த நைலான் உறையே நமக்கு ஏற்றது. ஜிப்பும் கொக்கியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு துருவேறும். காமிராவைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். உறை இறுக்கமானால் பொத்தான் தானே அமுங்கி பாட்டரி தீரும்.

இரவில் காமிராவைத் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள். அரிசி, பருப்பு பக்கம் கொண்டுபோகவே கூடாது.