தோட்டத்து மூலையில் நிற்கும் பழைய டிராக்டரை மீட்பது எப்படி?

அப்பா காலத்துச் சின்ன டிராக்டர் ஒன்று தென்னந்தோப்பில் பல வருடமாகச் சும்மா நிற்கிறது. அதைத் துடைத்து, வண்ணம் அடித்து, மறுபடி ஓடவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பட்டறைக்காரரைக் கேட்டால் "ரெண்டு நாள்ல அடிச்சுத் தந்துடறேன்" என்பார். அவர் சொல்வது பெயின்ட் அடிக்க ஆகும் நேரம் மட்டும்தான். அதற்கு முன்னால் இருக்கும் சுத்தம் செய்யும் வேலையும், பின்னால் இருக்கும் பூட்டும் வேலையும்தான் பெரிது. விடுமுறை நாட்களில் மட்டும் செய்வதென்றால் சில மாதங்கள் ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் பயன்படாது. அதனால் மாஸி பெர்குசன் 35 குடும்பத்து வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1956-இல் பெர்குசன் 35 என்ற பெயரில் பிறந்த வண்டி அது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து அதே குடும்பத்து வண்டிகளை இங்கே தயாரித்தது. நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான 1035 அந்த வழியில் வந்ததுதான். உங்களுடையது வேறு கம்பெனி வண்டியாக இருந்தாலும் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் எதைப் பார்ப்பது? ஆர்சி புத்தகத்தை. விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் வகையில் வருகிறது. முதல் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போனால் அங்கே சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே வண்டியில் அந்த எண்கள் எங்கே இருக்கின்றன, புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. தேய்ந்து அழிந்த எண்ணுக்குப் பிறகு நீங்கள் சொல்லும் விளக்கத்தை யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். புத்தகத்தில் நிறமும் எழுதியிருக்கும். வேறு நிறத்துக்கு மாற்ற நினைத்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, பதிவில் ஏற்றிய பிறகு மாற்றுங்கள்.

இன்ஜின் ஓடாத வண்டிக்குப் பெயின்ட் அடிக்கலாமா? கூடாது. பெயின்ட் அடித்து முடித்த பிறகு இன்ஜினைக் கழற்ற நேர்ந்தால், புது வண்ணத்தின் மேல் ஸ்பேனர் வழுக்கும், டீசல் வழியும், செய்ததெல்லாம் பாழ். இன்ஜின் கையால் சுற்றுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, எங்கெல்லாம் எண்ணெய் கசிகிறது என்று முதலில் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். வெகுநாள் நின்று இறுகிப்போன இன்ஜினை வேறு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். உள்ளே சிக்கியிருப்பது எதுவானாலும் உடைந்துவிடும்.

கழற்றும் முன் இந்த வண்டியின் அமைப்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். லாரிக்கு இருப்பதுபோல இதற்குத் தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்திருப்பதே இதன் முதுகெலும்பு. நடுவில் பிரித்தால் வண்டி இரண்டு துண்டாகும். தாங்கல் இல்லாவிட்டால் இரண்டும் சாயும். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்கி ஆடுவது. பிரிப்பதற்கு முன் அதன் இருபுறமும் மர ஆப்பு அடித்து ஆடாமல் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும். என் கருத்து என்னவென்றால், கிளட்ச் வேலை இல்லாத வரைக்கும் வண்டியை நடுவில் பிரிக்காதீர்கள். பானெட், மட்கார்டு, கிரில், டேங்க், சக்கரங்களைக் கழற்றினாலே நன்றாகப் பெயின்ட் அடித்துவிடலாம்.

சக்கரம் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சேற்று உழவுக்காகப் பின் டயருக்குள் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். உங்கள் வண்டியிலும் இருக்கலாம்; நூறு லிட்டருக்கு மேல் இருந்தால்கூட ஆச்சரியமில்லை. அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு ஆளால் பிடிக்க முடியாது. முதலில் தண்ணீரை இறக்கிவிடுங்கள். அப்படியே ரிம்மின் உள்பக்கத்தையும் பார்த்துவிடலாம். துரு அதிகம் தின்றிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எதைக் கழற்றினாலும் அதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு இடத்துப் போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள். பானெட்டில் அப்பா பெயரோ "முருகன் துணை"யோ கையெழுத்தாக எழுதியிருந்தால் அதையும் அளவோடு படம் எடுத்து வையுங்கள். தேய்த்த பிறகு அது திரும்பி வராது. அந்தக் கையெழுத்தைப் பார்த்து எழுதக்கூடிய ஆர்ட்டிஸ்ட்டுகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. நம் ஊரில் டீசல் ஊற்றித் தேய்ப்பது வழக்கம். அழுக்கைக் கரைக்க அது நல்லதுதான், ஆனால் பின்னால் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. டீசலுக்குப் பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் நன்றாகக் கழுவி, காயவைத்து, தின்னர் (பெயின்ட்டை இளக்கும் திரவம்) நனைத்த துணியால் துடையுங்கள். போதுமா என்று எப்படித் தெரியும்? தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

துருவை எப்படி எடுப்பது? பெரிய தகடுகளுக்கு வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். குழியில் ஒட்டியிருப்பதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி தடவினால், துரு கறுப்பான உறுதியான படலமாக மாறும். சின்னப் பாகங்களுக்குச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, நாலைந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடா கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் கறுப்பு முனையை அதில் கவ்வவிடுங்கள். ஒரு பழைய இரும்புத் துண்டைத் தனியாகத் தொங்கவிட்டு அதில் சிவப்பு முனையைக் கவ்வவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பிறகு சார்ஜரைப் போடுங்கள். ஒரே இரவில் துரு இளகிவிடும்.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. இந்த முறையில் ஹைட்ரஜன் வாயு வரும்; அது தீப்பற்றக்கூடியது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. தொடுவதற்கு முன் சார்ஜரை அணைத்துப் பிளக்கை எடுங்கள். சிவப்பு முனையில் எவர்சில்வர் துண்டு போடவே கூடாது. நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் பாகங்களை இந்தத் தண்ணீரில் போட்டால் கரைந்து போகும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே பெயின்ட்டைத் தண்ணீர் விட்டே தேயுங்கள், பிரேக் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சுத்தமான இரும்பை அப்படியே ஒரு நாள் விட்டுவைத்தாலும் மறுபடி துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் சில மணி நேரமே போதும். அதனால் சுத்தம் செய்த அன்றைக்கே பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் இரும்பில் ஒட்டும் முதல் பூச்சு) அடித்துவிடுங்கள். ஒடுக்கு விழுந்த தகட்டை முதலில் டிங்கரிங்கில் தட்டி நேராக்க வேண்டும். பட்டியை (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) மெல்லியதாகத்தான் வைக்க வேண்டும். கனமாக அப்பிய பட்டி, டிராக்டர் குலுங்கும் குலுங்கலில் வெடித்து விழும்.

எந்த நிறம் அடிப்பது? 1956-இல் வந்த பெர்குசன் 35-க்குத் தகடுகள் சாம்பல் நிறம், இன்ஜினும் கியர்பாக்ஸும் தாமிரப் பொன் நிறம். 1957 கடைசியில் அது மாஸி பெர்குசன் 35 ஆனபோது தகடுகள் சிவப்பாயின, அடிப்பாகம் சாம்பலானது. உங்கள் வண்டியின் நிறத்தைக் கண்டுபிடிக்க வெளிப்பக்கத்தைப் பார்க்காதீர்கள், வெயிலில் வெளுத்திருக்கும். டேங்க்குக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். அந்த நிறம் உள்ள பாகத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினால் கலந்து தருவார்கள்.

எந்தப் பெயின்ட்? வீட்டில் அடிப்பதென்றால் சின்தெடிக் எனாமலே போதும் என்பேன். கார்களுக்கு அடிக்கும் ஹார்டனர் கலந்த வகை கூடுதலாக மின்னும், கூடுதலாக உழைக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டையோ சாதாரண மாஸ்க்கோ அதற்குத் தடுப்பாகாது. அதுதான் வேண்டுமென்றால், வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து அடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயின்ட் வேலையை ஆரம்பிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். சித்திரை வெயிலில் இரும்பு கொதிக்கும். பெயின்ட் பரவுமுன் காய்ந்து சொரசொரப்பாகும். தை முதல் பங்குனி வரை, பனி விலகிய காலை நேரம் நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். கம்ப்ரசர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள். கனமாக ஒரே பூச்சு அடித்தால் வழியும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள்.

இனிதான் முக்கியமான கேள்வி: எங்கே பெயின்ட் படக்கூடாது? வண்டி பளபளவென்று வந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, சக்கரம் ஆடுகிறது, சூடேறுகிறது என்று புகார் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பேட்டரியின் எர்த் வயர் உடம்பில் பூட்டும் இடத்தில் வெறும் இரும்பு தெரிய வேண்டும். அங்கே பெயின்ட் இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது; நீங்கள் புது பேட்டரி வாங்கிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். சக்கர ரிம் ஹப்போடு அமரும் இடத்தில் கனமான பெயின்ட் இருந்தால், ஓடும்போது அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பெயின்ட் போனால் காற்று போகாது, இன்ஜின் சூடாகும். டீசல் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் வண்டி கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். கிரீஸ் நிப்பிள்கள், ஆயில் சீல் உரசும் தண்டுகள், பிரேக் டிரம்மின் உள்பக்கம், கம்பெனியின் எண் தகடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள்.

அடித்த அன்றே பூட்டலாமா? தொட்டால் ஒட்டாத பெயின்ட் உள்ளே இன்னும் மிருதுவாகத்தான் இருக்கும். எனாமல் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் போல்ட்டை இறுக்கினால் வாஷரோடு பெயின்ட் உரிந்து வரும். டீசல் சிந்தினால் இளகும்.

பூட்டும்போது மரையைக் கவனியுங்கள். இந்தக் குடும்பத்துப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் அங்குல மரைதான். கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ஏறுவதுபோல் ஏறும், பிறகு மரை போய்விடும். எந்தப் போல்ட்டையும் முதலில் கையால் முழுதாக ஏற்றிவிட்டு, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். வட்டமாக இருப்பவற்றை எதிரெதிராக இறுக்குங்கள். கழற்றிய இடத்தில் பழைய கேஸ்கட்டை (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அட்டை) மறுபடி போடாதீர்கள்; விலை அதிகமில்லை. பழைய டைனமோ வைத்த சில வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனையே எர்த்தாக இருக்கும். கழற்றும்போது எடுத்த படத்தைப் பார்த்துப் பூட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரம் வேண்டாம். எண்ணெய், தண்ணீர் இரண்டையும் பாருங்கள். ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, டீசல் போகாத நிலையில் ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு டீசல் குழாயில் சிக்கிய காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தால் விற்கும்போது விலை கூடுமா? செலவழித்தது திரும்பாது. டிராக்டர் வாங்கிப் பழகியவர், புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்பார். வேலை நடக்கும்போது எடுத்த படங்களைக் காட்ட முடிந்தால் அந்தச் சந்தேகம் குறையும். விற்பதற்காக என்றால் கழுவி, ஓடவைத்துக் கொடுத்தாலே போதும். வைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்து நட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.