கிட்டாரில் சிப்பிப் பொட்டு பதிப்பது எப்படி?



கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் விற்கிற சிப்பிச் சாமான்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிப்பியைத் தேய்த்து ஒட்டத் தெரிந்த சகோதரிகளுக்கு அதே கைப்பழக்கத்தில் இன்னொரு சின்ன வேலையும் உண்டு. சர்ச்சு பாட்டுக்குழுக்களில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் நம்ம மாவட்டத்தில் ஏராளம். பழைய கிட்டாரில் பொட்டுகள் கழன்று போயிருக்கும். அதைப் பதித்துக் கொடுப்பதுதான் அந்த வேலை.

வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே உள்ளது ஒரு கட்டம். பெரும்பாலும் 3, 5, 7, 9-வது கட்டங்களில் ஒரு பொட்டு, 12-ல் இரண்டு பொட்டு. 12-வது ஃப்ரெட்டில் கம்பி சரிபாதியாகிறது, அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். அதனால்தான் அங்கே இரட்டை. கை எங்கே நிற்கிறது என்று வாசிக்கிறவருக்குக் காட்டத்தான் இந்தப் பொட்டு, வெறும் அழகுக்கு இல்லை.

இது நமக்குப் புதுசும் இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் முன்பு யானைத் தந்தம் பதித்தார்கள். 1986-ல் சட்டம் தடுத்தபிறகு பிளாஸ்டிக் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கம்பிகளைக் கழற்றணும். ஃப்ரெட்டுகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டணும். கட்டத்தின் நடுவைப் பென்சிலால் குறித்து, ஆணி முனையால் லேசாகக் குத்தினால் டிரில் வழுக்காது. 6 மில்லிமீட்டர் பொட்டு என்றால் அதே அளவு, நடுவில் முனை உள்ள மரத்துளை பிட் வேணும். 2 மில்லிமீட்டர் கனமான பொட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் போதும். அதிகம் போகக்கூடாது. பல கிட்டார்களில் பலகைக்கு அடியில் இரும்புக் கம்பி ஓடுகிறது. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தை அடையாளம் வைச்சுக்கோங்க.

எபாக்சி பசையில் ஈட்டி மரத்தூள் கொஞ்சம் கலந்தால் இடுக்கு தெரியாது. ஒட்டி ஒரு நாள் விட்டு, சிறு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் பலகை மட்டத்துக்குத் தேய்க்கணும். கரடு தாளில் ஆரம்பித்து மெல்ல நைசுக்குப் போங்க. பூ, கொடி எல்லாம் இப்போ வேண்டாம், வட்டம் மட்டும் போதும். முதல் பத்து பொட்டாவது கழிவு மரத்துண்டில் பழகிவிட்டு, பிறகு யாருக்கும் வேண்டாத பழைய கிட்டாரில் கை வையுங்க.

ரொம்ப முக்கியமான காரியம் ஒண்ணு. சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழகிய வேலைதானே என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம், நைசான தூளை அது தடுக்காது. சிப்பியை அறுப்பதும் வட்டம் ஆக்குவதும் தண்ணீரில் நனைத்தே செய்யணும். மரத்தில் பதித்தபிறகு தண்ணீர் கூடாது, அப்போ என்-95 மாஸ்க் கட்டாயம். கொரோனா காலத்தில் வாங்கினோமே, அதேதான். தொட்டில் கட்டியிருக்கிற அறையில் தேய்க்கவே கூடாது. தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைச்சு எடுங்க.

இன்னொண்ணு, 2001 முதல் சில சங்கு, சிப்பி வகைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பொத்தானுக்கும் பதிப்புக்கும் வாங்கிய டர்போ, ட்ரோக்கஸ் சங்குகளும் அதில் உண்டு. எந்த வகை என்று கேட்டு, பில் வாங்குங்க. சந்தேகமா இருந்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் பொட்டு போதும், வாசிக்கிற பிள்ளைக்கு வித்தியாசம் இல்லை.

இதுக்காக குழுவில் கடன் எடுக்க வேண்டாம். டிரில் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். கிட்டாரைக் கையில் வாங்கும்போதே பலகையில் விரிசல் இருக்கான்னு உடைமைக்காரரோடு சேர்ந்து பாருங்க, கூலியையும் அப்பவே பேசி முடிச்சிடுங்க.