அட்டவணையின் ஓரத்தில் ஒரு பெயர்

அமெரிக்காவின் 'மோட்டார் டிரெண்ட்' என்னும் பத்திரிகையின் 1974-ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து திரட்டப்பெற்ற 32 கார்களின் விவரங்கள், அவற்றிற் பல சாலைகளை விட்டே மறைந்துபோன பின்னரும், உலகெங்கும் புள்ளியியல் பயிலும் மாணாக்கரின் கணினித் திரைகளில் இன்றளவும் உயிரோடு உலவுகின்றன. 'ஆர்' என்னும் நிரல்மொழியை ஒருவர் தம் கணினியில் நிறுவிய மாத்திரத்திலேயே, 'எம்டிகார்ஸ்' என்ற பெயரில் இந்த அட்டவணையும் பயிற்சிக்கென்று கூடவே வந்து சேர்ந்துவிடுகிறது. வரிக்கு ஒரு கார். காலனுக்கு எத்தனை மைல் ஓடும், எத்தனை சிலிண்டர், குதிரைசக்தி எவ்வளவு, எடை எவ்வளவு என்பன போன்ற 11 பத்திகள். மஸ்டா, டட்சன், டொயோட்டா, ஃபெராரி என்று பெயர்களும் இடப்பக்கத்தில் துலக்கமாகத் தெரிகின்றன. ஆயினும் பத்திகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறவர், அந்த 11-இல் கார்ப்பெயருக்கென்று ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்டு சற்றே திகைப்பார். பெயர் இருக்கிறது, ஆனால் அட்டவணைக்கு உள்ளே இல்லை, ஓரத்தில் இருக்கிறது.

இந்த ஓரப்பெயருக்குத்தான் ஆர் மொழியில் 'ரோ நேம்ஸ்', அதாவது வரிப்பெயர், என்று வழக்கம். இதன் பூர்வோத்தரத்தைத் தேடினால் நாம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஜான் சேம்பர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1976-இல் தொடங்கிய 'எஸ்' என்னும் மொழியே ஆர் மொழிக்கு மூதாதை. புள்ளிவிவர அட்டவணைக்கு 'டேட்டா ஃபிரேம்' என்ற உருவம், சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் பதிப்பித்து 1992-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக எஸ் மொழியில் பிரசித்தி பெற்றது. பின்னர் நியூசிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் ஆர் மொழியை உருவாக்கியபோது, வரிப்பெயர் உட்பட அந்த உருவத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். அம்மொழியின் முதலாவது முழுப் பதிப்பு வெளியான நாள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29.

வரிப்பெயரின் சூட்சுமம், அது வரியின் ஸ்தானத்தைக் குறிப்பதன்று, வரியின் அடையாளத்தைக் குறிப்பது என்பதிலே அடங்கியிருக்கிறது. எக்ஸெல் தாளின் ஓரத்திலுள்ள எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடுவதில்லை. அங்கே ஐந்தாவது வரியை நீக்கிவிட்டால் ஆறாவது வரி தானே ஐந்தாவதாகிவிடும். ஆர் மொழியின் வழக்கமோ பரீட்சை எண்ணைப் போன்றது: மாணவன் எந்தப் பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைக்கப்பட்டாலும், அவன் பக்கத்திலிருந்தவர்கள் பலர் எழுந்து போய்விட்டாலும், அவனுடைய எண் அவனோடேயே போகிறது. நாம் பெயர் எதுவும் சூட்டாத அட்டவணைக்கு ஆர் தானாகவே 1, 2, 3 என்று எண்களை வைத்துக்கொள்கிறது. அந்த எண்களும் பெயர்களே என்பதை மறப்பவர்கள்தாம் இடறி விழுகிறார்கள்.

நியூயார்க் நகரின் காற்றுத்தன்மையை 1973-ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நாள்தோறும் அளந்து குறித்த 'ஏர்குவாலிட்டி' என்ற அட்டவணையும் ஆர் மொழியோடு வருவதே. அதில் 153 நாள்களுக்கு 153 வரிகள். சில நாள்களில் ஓசோன் அளவோ சூரிய ஒளியின் அளவோ விடுபட்டிருக்கிறது. குறையுள்ள வரிகளையெல்லாம் களைந்துவிடும்படி கட்டளையிட்டால் 111 வரிகள் மிஞ்சும். ஆனால் கடைசி வரியின் ஓரத்தில் 153 என்றே இருக்கும். ஐந்தாவது, ஆறாவது நாள்களின் அளவுகள் குறையுடையனவாகையால், மிஞ்சியவற்றுள் ஐந்தாவதாக நிற்கும் வரியின் பெயர் 7. இப்போது மேற்கோள் குறியின்றி 5 என்று கேட்டால் ஐந்தாம் ஸ்தானத்திலுள்ள மே 7-ஆம் தேதியின் வரி வருகிறது. மேற்கோள் குறிக்குள் "5" என்று கேட்டாலோ, அப்பெயருடைய வரி போய்விட்டபடியால் வெற்று வரியொன்று வந்து நிற்கிறது. இரண்டும் நியாயமான விடைகளே. களைந்தெடுத்த பின்னும் எந்த விவரம் எந்த நாளுக்குரியது என்று பின்னோக்கிச் சென்று சரிபார்க்க உதவுவது இந்தப் பிடிவாதமே. பழைய எண்கள் வேண்டாம், புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கட்டும் என்று நினைப்பவர், வரிப்பெயர்களுக்கு 'நல்' என்னும் வெறுமையை அளித்தால் போதும். எண்கள் மீண்டும் கிரமமாகிவிடும்.

வரிப்பெயரின் பெருமை முழுவதும் வெளிப்படுவது வரைபடங்களிலேதான் என்பது என் அபிப்பிராயம். எம்டிகார்ஸ் அட்டவணையிலே காரின் எடையைக் கொண்டு அதன் மைலேஜை அனுமானிக்கும் ஒரு சமன்பாட்டை அமைத்து, அனுமானத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை வரைந்து காட்டும்படி கேட்டால், புள்ளிகளுள் மிகவும் விலகி நிற்கும் மூன்றின் பக்கத்தில் ஃபியட் 128, டொயோட்டா கொரோலா, கிரைஸ்லர் இம்பீரியல் என்ற பெயர்களை, நாம் கேளாமலேயே, ஆர் எழுதிக் காட்டுகிறது. சிறிய வண்டிகளான முதலிரண்டும் அதிக மைல் ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் 5,345 பவுண்டு எடையுள்ள கிரைஸ்லரும் தன் எடைக்கு அனுமானித்ததைவிடக் கூடுதலாகவே ஓடியிருக்கிறது என்ற விசித்திரம், அந்தப் புள்ளி பெயரற்றுக் கிடந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிராது.

இத்தனை சலுகைக்கு ஈடாக ஆர் சில நிபந்தனைகளை விதிக்கிறது. ஓர் அட்டவணையில் இரண்டு வரிகளுக்கு ஒரே பெயர் கூடாது. பெயரின்றி ஒரு வரியும் இருத்தலாகாது. அமெரிக்க மாநிலங்கள் 50-இன் பெயர்களை வரிப்பெயராக்கினால் தொல்லையில்லை. 'யுஎஸ்அரெஸ்ட்ஸ்' என்ற குற்றப் புள்ளிவிவர அட்டவணை அப்படித்தான் அமைந்திருக்கிறது. கவுண்டி என்னும் உட்பிரிவுகளின் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தாலோ, வாஷிங்டன் என்ற பெயருடைய கவுண்டி பல மாநிலங்களில் இருப்பதால், ஆர் உடனே மறுத்துவிடும். அதைக்கூடக் கண்டிப்பு என்று போற்றலாம். இன்னொரு குணம் எனக்குச் சற்றும் உவப்பானதன்று. எம்டிகார்ஸில் வெறுமனே "வால்வோ" என்று கேட்டால், அப்படித் தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்று இருக்கிறபடியால், வால்வோ 142இ காரின் வரியை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. "ஃபியட்" என்று கேட்டாலோ, அப்படித் தொடங்குவன இரண்டு இருப்பதால், வெற்று வரியைத் தருகிறது. பாதிப்பெயர் சொன்னவனுக்கு ஒரு நேரம் உபசாரமும் ஒரு நேரம் மௌனமும் கிடைப்பது, ஆயிரக்கணக்கான வரிகளைக் கையாளும் ஒரு கருவிக்கு உசிதமன்று.

எல்லாவற்றினும் பரவலான தொல்லை, அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக எழுதி வைக்கும்போது நேர்வது. வேண்டாமென்று சொல்லாதவரை ஆர் ஓரப்பெயர்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. அவற்றுக்குத் தலைப்புக் கிடையாது. அதே கோப்பைத் திரும்ப வாசிக்கையில், தலைப்பற்ற அந்தப் பத்திக்கு 'எக்ஸ்' என்று ஒரு பெயரிட்டு அட்டவணைக்குள்ளேயே அமர்த்திவிடுகிறது. மறுபடி எழுதி மறுபடி வாசித்தால் மற்றுமோர் எண் பத்தி முளைக்கிறது. பலர் கைமாறி வந்த கோப்புகளின் முன்புறத்தில் பொருளற்ற எண் பத்திகள் இரண்டு மூன்று அணிவகுத்து நிற்கக் கண்டால், காரணம் இதுவே. இரண்டு அட்டவணைகளைப் பொதுவான ஒரு பத்தியைக் கொண்டு இணைக்கும்போது இதற்கு நேர் எதிரான விபத்து நேர்கிறது. பழைய ஓரப்பெயர்கள் சொல்லாமலேயே மறைந்து, புதிய வரிசை எண்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இவற்றைக் கண்டு சலித்தவர்களில் ஹாட்லி விக்கம் என்பவர் முக்கியமானவர். அவரும் நியூசிலாந்துக்காரர், ஆக்லாந்தில் பயின்றவரே. அவருடைய குழுவினர் வகுத்த 'டிபிள்' என்னும் அட்டவணை வடிவம் வரிப்பெயரை வரவேற்பதில்லை. பெயரும் ஒரு விவரமே, விவரமானால் அது மற்றவற்றைப் போலப் பத்தியிலேயே இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். ஓரத்துப் பெயரைப் பத்தியாக்கவும் பத்தியை ஓரத்துக்கு அனுப்பவும் தனித்தனிக் கட்டளைகளையும் அவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில், மரபணு ஆராய்ச்சிக்கென்று 2001-இல் தோன்றிய 'பயோகண்டக்டர்' தொகுப்பிலோ, வரிப்பெயரின்றி ஓரணுவும் அசையாது: வரிதோறும் ஒரு மரபணு, பத்திதோறும் ஒரு மாதிரி என்று ஆயிரக்கணக்கான எண்கள் மட்டுமே நிறைந்த அட்டவணையில், எந்த எண் எந்த மரபணுவுக்குரியது என்பதை ஓரத்துப் பெயரே தாங்கி நிற்கிறது.

ஆகவே இரண்டில் ஒன்றே சரி என்று தீர்ப்புக் கூற நான் விரும்பவில்லை. ஆனால் வீட்டுக்கணக்கு, பள்ளி மதிப்பெண், கடைச்சரக்கு என்று நம்மில் பெரும்பாலோர் கையாளும் அட்டவணைகளுக்கு விக்கம் கட்சியே பத்திரமானது. பெயரை முதற்பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் வரையும் வேளையில் மட்டும் ஓரத்துக்கு அனுப்புங்கள். கோப்பாக எழுதும் கட்டளையில் வரிப்பெயர் வேண்டாம் என்ற சொல்லைச் சேர்க்க ஒருபோதும் மறவாதீர்கள்.