இசைக் கல்லூரியில் இரண்டு இடம் கிடைத்தால் எதில் சேர்வது?

அஞ்செட்டி பக்கம் பிளஸ் டூ முடிச்சு, பாட்டோ வாத்தியமோ கல்லூரியில் படிக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்கு வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கு. எல்லை தாண்டினால் பெங்களூருக் கல்லூரிகள். மைசூருவில் கங்குபாய் ஹானகல் பெயரில் கர்நாடக அரசின் இசைப் பல்கலைக்கழகம். நம்ம மாநிலத்தில் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. குரல் தேர்வோ வாத்தியத் தேர்வோ முடிஞ்சு ரெண்டு இடத்திலிருந்தும் அழைப்பு வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "எது கிட்ட?" என்பதுதான். அதைக் கடைசியா கேளுங்க.

முதலில் கையில் கிடைக்கப்போகும் சான்று என்னன்னு பாருங்க. 'இசைக்கலைமணி' என்பது பட்டயம், பி.ஏ. இசை என்பது பட்டம். "ஏதாவது ஒரு பட்டம்" கேட்கும் போட்டித் தேர்வுக்குப் பட்டயம் மட்டும் போதாது. பள்ளியில் இசை ஆசிரியர் ஆகணும்னா ஆசிரியர் பயிற்சிச் சான்றும் தனியா வேணும். கச்சேரிதான் குறின்னா, பட்டயம் குறைந்ததுன்னு நினைக்க வேண்டாம்.

அடுத்தது, உங்க வாத்தியத்தை யார் சொல்லித் தரப்போறாங்க? எங்க பார்வையில் இதுதான் முக்கியமான கேள்வி. வாய்ப்பாட்டுக்குப் பேர்போன கல்லூரியில் மிருதங்க ஆசிரியர் இடம் காலியா இருக்கலாம். நிரந்தர ஆசிரியரா, கௌரவ விரிவுரையாளரா, வாரத்துக்கு எத்தனை செய்முறை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பேர்? அலுவலகத்தில் கேட்டாலும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள்தான் உள்ளதைச் சொல்லுவாங்க. ஒரு நாள் போய் வகுப்பைக் கவனிக்க அனுமதி கேளுங்க, கேட்பதில் தப்பில்லை.

மொழி விஷயத்தில் நம்ம பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்களுக்கு தியாகராஜர் கீர்த்தனையும் புரந்தரதாசர் பாடலும் அர்த்தத்தோடு வாயில் வரும். தமிழ்நாட்டில் படித்தால் தேவாரமும் தமிழ்க் கீர்த்தனைகளும் கூடச் சேரும். (நம்ம ஒகேனக்கல் வழியா இறங்குற காவிரிதான் தியாகராஜர் சமாதி இருக்கிற திருவையாறுக்கும் போகுது.)

இனி பணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்தப் பதிவு கல்லூரி வழியாகவே நடக்கும். அதனால் எல்லை தாண்டிச் சேரும் முன், இந்தத் தொகையைக் கணக்கில் வைக்கலாமா என்று கேட்டுத் தெளிவு பெறுங்க. இட ஒதுக்கீடும் அப்படித்தான்: பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு. இங்கே வாங்கிய சாதிச் சான்றை வைத்து கர்நாடக அரசின் ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது.

சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளை அழைப்பு வந்த பிறகு தேடாதீங்க. இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். ஒப்புதல் கிடைத்ததும் சான்றைப் போனிலேயே பதிவிறக்கிக்கலாம். அஞ்செட்டி தனி வட்டமான பிறகு, சந்தேகம் கேட்கத் தேன்கனிக்கோட்டை வரை போகவும் வேண்டாம்.

ஒரு இடத்தில் கட்டணம் கட்டின பிறகு, மனசுக்குப் பிடிச்ச இடத்திலிருந்து அழைப்பு வருதா? பயப்படாதீங்க. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். நடைமுறைக் கட்டணமா 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். தாமதிக்கத் தாமதிக்கத் தொகை குறையும். கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. மதிப்பெண் பட்டியல் உள்ளிட்ட அசல் சான்றுகளைச் சரிபார்த்த உடனே திருப்பித் தரணும், பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே விதி. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

இரண்டு இடமும் ஒத்துவரலைன்னா கிருஷ்ணகிரியிலேயே கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். மூன்றாண்டுச் சான்றிதழ் படிப்பு. அங்கே அடித்தளம் போட்டுக்கிட்டு, கல்லூரித் தேர்வுக்கு மறுபடி போகலாம்.